துல்ஹஜ் பிறைக்கு முதல் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சுகம். வாப்பாவின் கால் வீக்கம் குறைந்திருக்கு, ஆனாலும் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, சோனகத் தெருப் புழுதி முழுக்க எங்கள் முன்விறாந்தையில்தான். கறுத்தக் கொழும்பான் மாமரம் இந்த முறை நல்ல காய்ப்பு. பழம் வெட்டும்போதெல்லாம் "பிள்ளைக்கு அனுப்ப ஏலாதே" என்று வாப்பா கவலைப்படுவார், கவலைப்பட்டுக்கொண்டே உன் பங்கையும் சாப்பிட்டு முடிப்பார், தனக்குச் சீனி வருத்தம் இருக்குது என்ற நினைப்பே இல்லாமல்.

போன கிழமை நீ போனில் சொன்னது மனதில் கிடக்குது. ரமழானில் ஏதோ கொஞ்சம் குர்ஆன் ஓதினேன், தஹஜ்ஜுத் இரவுத் தொழுகைக்கும் எழும்பினேன், பெருநாள் முடிந்ததோடு எல்லாம் விட்டுப்போச்சு உம்மா, இனி அடுத்த ரமழான்தான் என்றாய். அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன், சின்னவன் அழத் தொடங்கிவிட்டான், நீ போனை வைத்துவிட்டாய். அந்தப் பதில்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பஸ்ஸில் போகும்போது வாசி.

அடுத்த ரமழான் வரைக்கும் ஏன் பிள்ளை காத்திருக்க வேணும்? துல்ஹஜ் பிறை, ஹஜ்ஜு மாதப் பிறை, வரப்போகுது. அல்லாஹ் குர்ஆனில் பத்து இரவுகள் மீது சத்தியம் செய்கிறானே, ஸூரத்துல் ஃபஜ்ரின் தொடக்கத்தில், அது துல்ஹஜ்ஜின் முதல் பத்து என்றுதான் தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கம்) எழுதின பெரும்பாலான உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்களில் செய்கிற நல்ல செயலைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமான அமல் வேறு நாட்களில் இல்லை என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) சொன்னபோது, ஜிஹாதுமா அப்படியில்லை என்று ஸஹாபாக்கள் கேட்கிறார்கள். ஜிஹாதும்தான், தன் உயிரையும் பொருளையும் கொண்டுபோய் ஒன்றையும் திருப்பிக் கொண்டுவராத மனிதனைத் தவிர என்கிறார்கள் நபியவர்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிற இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கு. அவ்வளவு பெரிய நாட்கள். ஆனால் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடும், அதுதான் சிக்கல்.

ரமழானில் எங்களை ஊரே தூக்கிக்கொண்டு போகும். பள்ளியில் கஞ்சி, இரவில் தராவீஹ் தொழுகை, சஹர் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு லைற், எல்லாரும் நோன்பு என்பதால் நீயும் நோன்பு. காற்று அடிக்கிற நேரம் பாயை விரித்தால் வள்ளம் தானே போகிற மாதிரி. துல்ஹஜ்ஜுக்குத் துடுப்பை நாமேதான் போட வேணும். இங்கே யாழ்ப்பாணத்திலேயே அப்படி என்றால் உங்கள் கனடா ஸ்காபரோவில் கேட்கவா வேணும். பெருநாளுக்கு என்ன உடுப்பு, லீவு கிடைக்குமா இல்லையா என்ற கதையிலேயே ஒன்பது நாளும் ஓடிவிடும்.

அதற்காகப் பெரிய திட்டம் போடாதே. உன்னை எனக்குத் தெரியும், ஒரு கொப்பி வாங்கி, கோடு கீறி, பத்து நாளைக்கு குர்ஆனை மூன்று தடவை ஓதிக் கத்தம் முடிப்பது என்று எழுதி, மூன்றாம் நாள் கொப்பியைச் சின்னவன் கிழிக்க, எல்லாவற்றையும் விட்டுவிடுவாய். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல் கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் என்று ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கிற ஹதீஸை உனக்கு ஏழு வயதில் பாடமாக்கித் தந்தேன். பர்ளான, கடமையான ஐவேளைத் தொழுகையை நேரத்துக்குத் தொழு, அதுதான் முதல் வேலை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லுஹரைத் தொழுகிறாயா, வீட்டுக்கு வந்து நேரம் தப்பிக் களாவாகவா என்று நான் கேட்கவில்லை, நீயே உன்னைக் கேட்டுக்கொள். கடமையல்லாத ஸுன்னத்தை ஆயிரம் அடுக்கிவிட்டு பர்ளைக் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், உன் பெரியம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

பிறகு திக்ர், அல்லாஹ்வை நினைத்துச் சொல்வது. இந்த நாட்களின் விசேஷமே தக்பீர்தான், "அல்லாஹு அக்பர்" என்று சொல்வது. இப்னு உமரும் அபூ ஹுரைராவும் (ரலி) இந்தப் பத்து நாட்களில் கடைத்தெருவுக்குப் போய்ச் சத்தமாகத் தக்பீர் சொல்லுவார்களாம், அதைக் கேட்டுச் சனங்களும் சொல்லுவார்களாம். கடைத்தெருவில்! விற்கிறவனும் வாங்குகிறவனும் இருக்கிற இடத்தில். நீ பஸ்ஸில் சத்தமாகச் சொல்ல வேண்டாம், பயந்துபோவார்கள், உதடு அசைந்தால் போதும். நம்ம ஷாஃபி மத்ஹபில், நாம் பின்பற்றுகிற சட்ட வழியில், இன்னொரு அழகான ஸுன்னத் இருக்கு, இந்தப் பத்து நாட்களில் ஆடு, மாடு, ஒட்டகத்தைக் கண்டால் தக்பீர் சொல்வது. உங்கள் தெருவில் ஆட்டுக்கு எங்கே போவது என்கிறாயா? பிள்ளைகளின் படப் புத்தகத்தில் வருகிற ஆட்டைக் காட்டிச் சொல்லிக் கொடு. ஸுன்னத் நிறைவேறுமோ தெரியாது, பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும்.

உன் உம்மம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதை இதுவரை உன்னிடம் சொன்ன ஞாபகம் இல்லை. 1990 ஒக்டோபர் 30, புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்ன கதை உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த முதலாவது ஹஜ்ஜுப் பெருநாள் 1991 ஜூனில். நாங்கள் அகதிகளாகக் கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில். வீட்டில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருஷமும் ஆடு அறுத்து, இறைச்சியைப் பங்கு போட்டு, பனையோலைப் பெட்டியில் வைத்து என்னையும் தம்பியையும் வீடு வீடாக அனுப்பின மனுஷி. கொட்டிலில் என்ன இருக்கு? ஒரு சருவம், இரண்டு பாய். தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேணும், வெயில் என்றால் வெயில், மணலில் கால் வைக்க ஏலாது. வரிசையில் நிற்கும்போது வலது கை விரல் மூட்டுக்களைப் பெருவிரலால் தொட்டுத் தொட்டுத் திக்ர் எண்ணிக்கொண்டிருப்பா. வாளி இடது கையில். முறை வந்தாலும் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் வாளியைக் கிணற்றில் விடுவா, பின்னால் நிற்கிற பெண்கள் ஏசுவார்கள். பெருநாளுக்கு முதல் நாளான அரஃபா அன்றைக்கும் நோன்போடு அதே வரிசை. பெருநாள் அன்று அந்த ஊர்ச் சனம் ஒரு தாச்சியில் இறைச்சி கொண்டுவந்து தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். உம்மம்மா அதை வாங்கி முதலில் செய்த வேலை, பாதியை எடுத்துப் பக்கத்துக் கொட்டிலுக்குக் கொடுத்தது. எனக்கு அப்போது நல்ல பசி, சரியான கோபம் வந்தது.

நேரம் இல்லை, வசதி இல்லை என்று நீ சொல்லும்போது எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வருது. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உனக்கும் வரிசைகள் இருக்கு, பஸ் தரிப்பில், கடையில், பிள்ளையின் டொக்டரிடம்.

நோன்பு விஷயம். முதல் ஒன்பது நாளும் பிடிப்பது ஸுன்னத். உங்களுக்கு இப்போது நோன்பு நேரம் 17 மணித்தியாலம் கிட்ட வரும், எங்களுக்கு 14 அளவில்தான். பால் கொடுக்கிற தாய் நீ, ஒன்பதையும் பிடி என்று நான் சொல்லமாட்டேன். அரஃபா நாளை மட்டும் உடம்பு ஏலுமென்றால் விடாதே. போன வருஷத்துப் பாவத்துக்கும் வருகிற வருஷத்துப் பாவத்துக்கும் அது பரிகாரமாகும் என்று முஸ்லிமில் வருகிற ஹதீஸ், ஒரு நாளைக்கு இரண்டு வருஷம். ரமழானில் விட்டுப்போன நோன்பின் களா உனக்கு இருக்குத்தானே, அன்றைக்கு அந்தக் களாவையே நிய்யத் வைத்துப் பிடித்தாலும் அரஃபாவின் நன்மையும் கிடைக்கும் என்று நம்ம மத்ஹப் உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் ஒருக்கால் கேட்டுக்கொள். பால் குறைந்து பிள்ளை வாடுது என்றால் நோன்பை விடு, அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கு, வீம்புக்குப் பிடிக்க வேண்டாம்.

எந்த நாள் அரஃபா என்று வருஷா வருஷம் குடும்ப குரூப்பில் ஒரு சண்டை நடக்குமே, அதற்குள் போகாதே. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானிக்கிறதை வைத்து நாங்கள் பிடிப்போம், பெரும்பாலும் மக்காவுக்கு ஒரு நாள் பிந்தும். நீ உன் பக்கத்துப் பள்ளி எந்த நாள் அறிவிக்கிறதோ அதைப் பிடி. சின்ன மாமா வொயிஸ் மெசேஜ் போட்டால் கேட்டுவிட்டு ஸலாம் சொல்லிவிடு.

இன்னொன்று, பெண்பிள்ளை என்பதால் எழுதுகிறேன். அந்தப் பத்து நாளில் தொழுகை இல்லாத நாள் வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று மூலையில் உட்காராதே. தொழுகையும் நோன்பும் குர்ஆன் ஓதுவதும்தான் இல்லை. தக்பீர் இருக்கு, நபியவர்கள் மீது ஸலவாத் இருக்கு, பாவமன்னிப்புக் கேட்கிற இஸ்திஃபார், துஆ, ஸதகா தர்மம், உறவுகளோடு கதைப்பது, எல்லாம் இருக்கு. ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் ஆயிஷா நாயகிக்கே அது வந்து அழுதார்கள். ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது இது, கஃபாவைச் சுற்றுகிற தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்கிற எல்லாவற்றையும் செய் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) சொல்லிக் கொடுத்தார்கள்.

பிள்ளை பார்க்கிறதிலேயே நாள் போகுது என்று அழுகிறாயே, இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா நாயகியை யோசித்துப் பார். மக்காவில் ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் ஏழு தடவை ஓடினது தண்ணீர் தேடி, பிள்ளையின் தொண்டை காய்ந்து போச்சே என்று. தாயின் அந்த ஓட்டத்தை அல்லாஹ் ஹஜ்ஜின் கடமையாகவே ஆக்கி வைத்துவிட்டான், ராஜாவாக இருந்தாலும் அங்கே போனால் அந்த மனுஷி நடந்த தடத்தில்தான் நடக்க வேணும். இரவில் நீ எழும்பிப் பால் கொடுக்கிற நேரம் இருக்கே, உங்கள் ஊரில் சுபஹுக்குக் கொஞ்சம் முதல், அது துஆ கேட்கிற நேரம். கையில் பிள்ளை, வாயில் துஆ. தனியாக எழும்பத் தேவையே இல்லை, அவன்தான் எழுப்பி விடுகிறானே. அந்த நேரம் போனைப் பார்க்காமல் இருந்தால் சரி. (இரவு மூன்று மணிக்கு நீ ஒன்லைனில் இருப்பது இங்கே எங்களுக்குப் பகல் பன்னிரண்டரைக்குத் தெரியும் மகள்.)

அரஃபா அன்று பின்னேர அஸருக்குப் பிறகு, பொழுதுபடுகிற மஃரிப் வரை ஒரு அரை மணித்தியாலமாவது மருமகனிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுத் தனியே உட்கார். அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார், நீ கேட்பதில்லை, அவ்வளவுதான். "லாயிலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹு" (அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை, அவன் தனித்தவன், இணையற்றவன்), நானும் எனக்கு முன்னிருந்த நபிமார்களும் சொன்னதில் சிறந்தது இதுதான் என்று நபியவர்கள் சொன்னார்கள், அந்த துஆ இந்த நாளைக்குரியது. பிறகு உனக்கு வேண்டியதைத் தமிழிலேயே கேள். வாப்பாவின் காலையும் சேர்த்துக்கொள். அன்று சுபஹிலிருந்து பிறை 13 அஸர் வரைக்கும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தக்பீர் இருக்கு, மறந்துவிடாதே. பெருநாளும் அதற்குப் பிறகு வருகிற மூன்று நாளும் நோன்பு பிடிக்கக் கூடாது, அவை தின்று குடித்து அல்லாஹ்வை நினைக்கிற நாட்கள். வட்டிலப்பம் செய்யப் பழகிவிட்டாயா?

உழ்ஹிய்யா (குர்பானி) பற்றி மருமகன் வாப்பாவோடு கதைத்திருக்கிறார், வழமை போல இங்கேயே கொடுக்கச் சொல்லி. கொடுக்கிறோம், இங்கே வாங்குகிற கைகள் நிறைய இருக்கு, திரும்பி வந்து இன்னும் கூரை ஓட்டுக்கு வழியில்லாமல் தகரத்தின் கீழ் இருக்கிற குடும்பங்கள் உனக்கே தெரியும். ஆனால் மூத்தவளுக்கு ஆறு வயதாச்சு. காசு அனுப்பினால் முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. யாருக்காக, எந்த நபியின் வழியில் என்று அவளை மடியில் வைத்துச் சொல்லு, அவளுடைய உண்டியலிலிருந்து ஒரு டொலராவது இதில் சேரட்டும். ஆடு என்றால் ஒன்று, மாடு என்றால் ஏழு பேர் சேரலாம். உங்கள் வீட்டில் மருமகன் பெயரில் கொடுப்பதால் பிறை கண்டதிலிருந்து அறுத்து முடியும் வரை அவர் முடியும் நகமும் வெட்டாமல் இருக்கட்டும். மறந்து வெட்டினால் உழ்ஹிய்யா கூடாது என்றில்லை, நம்ம மத்ஹபில் மக்ரூஹ், விரும்பத்தகாதது, அவ்வளவுதான். பிறைக்கு முதல் நாளே நகத்தை வெட்டிவிடச் சொல், போன முறை வீடியோ கோலில் பார்த்தேன்.

காசை இந்தக் கிழமைக்குள் அனுப்பச் சொல்லு. பிறை கண்டபிறகு ஆட்டுக்காரர் சொல்லுகிற விலைக்குத்தான் வாங்க வேண்டி வரும், வாப்பாவுக்கு விலை பேசத் தெரியாது.

பிள்ளைகளுக்கு முத்தம். மருமகனுக்கு ஸலாம்.

வஸ்ஸலாம்,
உம்மா