கடலை வியாபாரி மட்டும்தானா கார்ட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'அரசியல் வாசனையே இல்லாத கடலை வியாபாரி நேராக வெள்ளை மாளிகைக்குப் போனார்.' நேராகவா? 1963 முதல் நான்கு ஆண்டுகள் ஜார்ஜியா மாநில செனட்டில் இருந்தவர். அப்புறம் அதே மாநிலத்தின் கவர்னர். அவருடைய அப்பாவே மாநில சபை உறுப்பினராக இருக்கும்போதுதான் இறந்தார். அவருடைய சொந்த ஊரான பிளெயின்ஸ் சின்ன ஊர்தான், அதற்காக அங்கே அரசியலே கிடையாது என்று ஆகிவிடுமா? உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

1962 அக்டோபரில் அந்த மாநில செனட் இடத்துக்காக அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலை எப்படி விட்டார்கள் என்றுதான் புரியவில்லை. குவிட்மன் கவுண்டியின் ஜார்ஜ்டவுன் சாவடியில் ஜோ ஹர்ஸ்ட் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர், யாருக்குப் போட வேண்டும் என்று வாக்காளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் மாநில சபை உறுப்பினர்தான்! வாக்களித்தவர்கள் 333 பேர், பெட்டியில் 420 சீட்டுகள். செத்தவர்கள் பெயரிலும் ஓட்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் அகரவரிசைப்படி வந்து ஓட்டுப் போட்டதாகக் கணக்கு.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல தேர்தல்களில் சாவடி அதிகாரியாக உட்கார்ந்தவன் நான். புருஷன் பின்னால் பெண்டாட்டி வருவாள், இருவருக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக் கிழவி நுழைவாள். அடிக்கட்டையில் கைநாட்டு வாங்குவதற்குள் மை என் வேட்டியில் இருக்கும். எந்த ஊரில் ஐயா ஜனங்கள் அகரவரிசையில் நிற்கிறார்கள்?

முதலில் கார்ட்டர் தோற்றதாகத்தான் அறிவித்தார்கள். அட்லாண்டா நாளிதழிலிருந்து ஜான் பென்னிங்டன் என்ற நிருபர் ஊருக்கே போய்த் தோண்டினார், விஷயம் நீதிமன்றம் ஏறியது, நவம்பரில் கார்ட்டர் ஜெயித்தார். அந்த நிருபர் போன தூரத்தில் பாதியாவது உங்கள் கட்டுரையாளர் நூலகம் வரை போயிருக்கக் கூடாதா?

செனட்டில் அவருடைய முதல் பேச்சே, கறுப்பின மக்களின் ஓட்டைத் தடுக்க வைத்திருந்த 'முப்பது கேள்விகள்' தேர்வுக்கு எதிராக. வாக்களிக்கும் முன் ஒவ்வொரு மசோதாவையும் படிப்பேன் என்று சபதம் செய்து, அதற்காக வேகமாகப் படிக்கவும் கற்றுக்கொண்டார். இதெல்லாம் இல்லை. கடலையும் சிரிப்பும் மட்டும் இரண்டு பக்கம். திண்டிவனம் பக்கத்தில் கடலை மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. 'கடலை வியாபாரி' என்ற அந்த இளக்காரம் எனக்குப் புதிதல்ல.

உங்கள் இதழில் இதுவும் புதிதல்ல. வெளிநாட்டுப் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றன. குறுக்கெழுத்து விடை தப்பு என்று எழுதினேன், பதில் இல்லை. வாசகர் கடிதப் பக்கமோ பாதியாகிவிட்டது, மீதியில் நகைக்கடை விளம்பரம். சரி, அது உங்கள் பிழைப்பு.

அடுத்த இதழில் 'கார்ட்டர் மாநில செனட்டராகவும் கவர்னராகவும் இருந்தவர்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வழக்கம்போலச் சுருக்கினாலும் 333, 420 இரண்டையும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திண்டிவனம்