பக்கத்தைப் பச்சையாக்கிய எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் போன வாரம் தமிழ் விக்கிமூலத்தில் பச்சையாகிவிட்டது, அதாவது இரண்டு பேர் பார்த்துச் சரிபார்த்து முடித்தாகிவிட்டது. இந்த வேலையில் உதவிய உங்களில் பலருக்கு மற்றவர்களைத் தெரியாது. சிலருக்கு என்னையே தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பாளையங்கோட்டையில் இளங்கலை கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன ஒரு வருடமாக வகுப்பு, தேர்வு போக மிச்சமிருந்த நேரமெல்லாம் இணையத்தில் பழைய புத்தகங்களோடுதான் கழிந்தது. அப்படியொரு வருடம் கிடைத்ததற்கு நீங்கள்தான் காரணம்.

விக்கிமூலம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் அங்கே எழுத்து வடிவில் ஏறுகின்றன. நாட்டுடைமை நூல்கள் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியால் அங்கே வந்திருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படம், மறுபக்கம் கணினி அதிலிருந்து பிரித்தெடுத்த எழுத்து. கணினி பெரும்பாலும் சரியாகத்தான் படிக்கிறது. ஆனாலும் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ வரும், ‘கு’வும் ‘ரு’வும் இடம் மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகம் என்றால் தும்பிக்கை வைத்த ‘னை’, ‘லை’ எல்லாம் அதைத் தடுமாற வைக்கும். தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை ஒட்டுக்குறி இல்லாமலே உடைப்பது வழக்கம் என்பதால் ‘விளை’ ஒரு வரியிலும் ‘யாட்டு’ அடுத்த வரியிலும் கிடக்கும். அவற்றைச் சேர்க்க, படித்துப் பொருள் புரிந்துகொள்ளும் ஓர் ஆள் வேண்டும்.

யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் வந்து மறுபடியும் முழுதாகப் படித்துச் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. மென்பொருளே அதற்கு இடம் கொடுக்காது. இந்த ஒரு விதியை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. நான் எத்தனை கவனமாகப் பார்த்தாலும், என் பக்கம் முடிவதற்கு இன்னொருவர் தன் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார்.

முதல் நன்றி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பங்களிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. புணர்ச்சி பற்றியும் ஒற்று மிகுவது பற்றியும் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அன்றைக்கே பதில் எழுதினீர்கள். விதியை மட்டும் எழுதாமல் அதே புத்தகத்தின் வேறு பக்கத்திலிருந்தே எடுத்துக்காட்டும் தேடித் தருவீர்கள். அந்த ஆசிரியர் சில சொற்களை இன்றைய வழக்குக்கு மாறாக எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டபோது, “அச்சில் உள்ளதை உள்ளபடி விடும்மா, அவரைத் திருத்த நாம் வரவில்லை” என்றீர்கள். பழைய புத்தகத்தை எப்படி அணுக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியில்தான் கற்றேன்.

அடுத்து, மட்டக்களப்பிலிருந்து பெரும்பாலான பக்கங்களைப் பச்சையாக்கிய உங்களுக்கு. உங்கள் முழுப்பெயர் எனக்குத் தெரியாது, குரலைக் கேட்டதில்லை. நான் ராத்திரி மஞ்சளாக்கிவிட்டுப் படுத்த பக்கங்கள் காலையில் பச்சையாக இருக்கும். மாற்ற வரலாற்றைத் திறந்து பார்த்தால் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்திருப்பீர்கள், ‘ஒ’வை ‘ஓ’ ஆக்கியிருப்பீர்கள், மேற்கோள் குறிக்குள் இருந்த தேவையில்லாத இடைவெளியை எடுத்திருப்பீர்கள். ஒரு புள்ளிக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் முழுப் பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

இனி எங்கள் விடுதியில் முதுகலைத் தமிழ் படிக்கும் அக்காவைப் பற்றி. அவருக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியில் படிப்பவர். ஸ்கேன் செய்த பிடிஎஃப் எத்தனை தெளிவாக இருந்தாலும் அவருக்குப் பயனில்லை. அது வெறும் படம், உள்ளே எழுத்து இல்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கும் பழைய உரைநூல்களை யாராவது வாசித்துக் காட்டக் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் இந்த வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டதும் அவராகவே என் அறைக்கு வந்தார். “நீ முடிச்ச பக்கத்த நான் கேட்டுப் பாக்கட்டுமா?” என்றார்.

அன்றிலிருந்து நான் மஞ்சளாக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் காதால் சரிபார்த்தார். கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பவில்லை. ‘கௌரவம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியைப் போட்டு எழுதலாம். அது இல்லாமல் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தை வைத்தாலும் பல எழுத்துருக்களில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. திரைவாசிப்பான் இரண்டாவதைக் ‘கெ-ள-ரவம்’ என்று உடைத்துப் படிக்கும். தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது. அதேபோல் பழைய நூல்களில் பக்க எண்கள் தமிழ் எண்களில் இருக்கும்: ௧, ௨, ௭, ௮. கணினி அவற்றை க, உ, எ, அ என்று எழுத்துகளாக எடுத்துவைத்துவிடும். படத்தைப் பார்த்து ஒப்பிடும் எவருக்கும் இது எளிதில் தெரியாது. அக்கா கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவர் கண்டுபிடித்த வகைகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி மற்ற பங்களிப்பாளர்களுக்கும் அனுப்பினோம். அதன் பிறகு பலரும் தங்கள் பழைய பக்கங்களைத் திறந்து மறுபடி பார்த்தார்கள். அக்கா, உங்கள் படிப்புச் சுமைக்கு நடுவில் நீங்கள் எனக்காக ஒதுக்கிய சாயங்காலங்களுக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எழுத்து வடிவம் யாருக்காக வேண்டும் என்ற கேள்விக்கு நீங்கள் பக்கத்து அறையிலேயே பதிலாக இருந்தீர்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்தின் நடுவில் கீழ்வாய் இலக்கம் பற்றி ஒரு நீண்ட பகுதி வரும். முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களும் அவற்றுக்கான பழைய குறிகளும். கணிதம் படிக்கும் எனக்கே அங்கே ஒன்றும் விளங்கவில்லை. அப்போது கைகொடுத்தவர் எங்கள் ஆச்சியின் அண்ணன், பெரிய தாத்தா. தானிய மண்டியில் கணக்கு எழுதியவர். சின்ன வயதில் தன் அப்பாவிடம் முந்திரி இலக்கத்தை வாய்ப்பாடாகப் படித்தவர். லீவுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து அவர் அதை ஒப்பித்த வேகத்துக்கு என்னால் எழுத முடியவில்லை. முந்திரி என்றால் 1/320. நான்கு முந்திரி சேர்ந்தால் காணி, 1/80. நான்கு காணி ஒரு மா, 1/20. மாவோடு இன்னொரு காணியைக் கூட்டினால் மாகாணி, 1/16. நான் தாளில் 1/20 + 1/80 என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அடுத்ததுக்குப் போய்விட்டார். இருபதின் பங்கும் பதினாறின் பங்கும் ஒரே வரிசையில் பொருந்துவதற்கு அடியில் 320 இருக்கிறது; இரண்டுமே அதை மீதியில்லாமல் வகுக்கும். இவ்வளவு நேர்த்தியான ஒரு முறையைக் கல்லூரிக்கு வந்த பிறகு ஒரு மண்டிக் கணக்கரிடம்தான் தெரிந்துகொண்டேன். தாத்தா, உங்களால் அந்தப் பகுதியின் ஒவ்வொரு குறியும் இப்போது சரியாக இருக்கிறது.

சரி, குறி புரிந்தது. அதைக் கணினியில் எப்படிப் போடுவது? எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் இடம் ஒதுக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு ஆதியில் கிடைத்த 128 இடங்களில் இந்தப் பின்னக் குறிகள் கிடையாது. 2019இல் வந்த ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் ‘தமிழ் இணைப்பு’ என்று ஒரு தனிப்பகுதி ஒதுக்கி முந்திரியிலிருந்து தொடங்கி இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தார்கள். கல்வெட்டையும் சுவடியையும் பழைய அச்சுநூல்களையும் புரட்டி, ஒவ்வொரு குறிக்கும் சான்று தேடி, வருடக்கணக்கில் ஆவணங்கள் எழுதிய அறிஞர்கள் இதற்குப் பின்னால் இருக்கிறார்கள். அந்தக் குறிகளைத் திரையில் காட்ட நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் அதற்கென்றே ஓர் எழுத்துருவும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அறிஞர்களே, எழுத்துருவைச் செய்தவர்களே, நீங்கள் இதையெல்லாம் செய்து வைத்திராவிட்டால் எங்கள் புத்தகத்தில் அந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாகத்தான் நின்றிருக்கும்.

கல்லூரிக்குள்ளும் நன்றி பாக்கி இருக்கிறது. ஸ்கேனில் இரண்டு பக்கங்கள் விடுபட்டிருந்தன. எங்கள் நூலகர் அதே பதிப்பை அடுக்கின் பின்வரிசையில் தேடி எடுத்து, ஒடிந்துபோகும் நிலையில் இருந்த தாளைத் தானே பிடித்துக்கொண்டு என்னைப் படமெடுக்க விட்டார். கணினி ஆய்வகத்து உதவியாளர் அண்ணன் வகுப்பு முடிந்த பிறகும் அறையைத் திறந்து வைத்திருந்தார். தமிழ்99 விசைப்பலகையை எனக்குப் பழக்கியவரும் அவர்தான். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அந்த விசைப்பலகையை வகுத்தவர்களையும் ஒவ்வொரு நாளும் நன்றியோடு நினைக்கிறேன். அப்புறம், தன் மடிக்கணினியைக் கேட்காமலே என் மேசையில் வைத்துவிட்டுப் போகும் என் அறைத்தோழி. உனக்குத் தனியாகச் சொல்கிறேன், இங்கே போதாது.

நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கும் ஒரு சொல். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்துகொண்டே 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் ஐயாவும், உலகின் பல மூலைகளிலிருந்து அதற்காக நூல்களைத் தட்டச்சு செய்தவர்களும். அன்றைக்குத் தமிழுக்கு ஒரே குறியீட்டு முறை கிடையாது. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. உழைத்து ஏற்றிய நூல்களையே மீண்டும் புதிய குறியீட்டுக்கு மாற்றினார்கள். தேனீ எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த அதிராம்பட்டினம் உமர்தம்பி ஐயா 2006இல் மறைந்துவிட்டார். அவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட முடியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தொடங்கிச் செல்லினம் செயலி வரைக்கும் தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் ஐயா. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலிருந்து ஆளில்லாத இடத்தில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக் குவித்த மயூரநாதன் ஐயா. அவர்கள் காலத்தில் இதைப் பார்த்து, “இதனால் என்ன கிடைக்கும்?” என்று கேட்டிருக்கக்கூடியவர்கள் நிறையப் பேர். எனக்குக் கிடைத்திருக்கிறது. என் விடுதி அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது. 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளத்தின் தோழர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்துபோன 97,000 நூல்களைப் பற்றிப் படித்த நாளில், இந்த வேலையை விட்டுவிடக்கூடாது என்று எனக்குள் உறுதி வந்தது.

அம்மா, அப்பா, இரவு வெகுநேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டீர்கள். அப்பா அந்தப் புத்தகத்தின் முன்னுரையைக் கைப்பேசியில் சத்தமாக வாசித்துக் காட்டியதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்ததாக அக்காவின் பாடத்திட்டத்தில் இருக்கும் ஓர் உரைநூலை எடுத்திருக்கிறோம். பருவத் தேர்வு முடியும்வரை மெதுவாகத்தான் போகும். முதல் இரண்டு இயல்களை இப்போதே மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன். அக்காவும் கேட்டு முடித்துவிட்டார். மட்டக்களப்பில் இருப்பவரே, தஞ்சாவூர் ஐயா, நேரம் கிடைக்கும்போது வாருங்கள். இதுவரை பங்களிக்காத யாருக்காவது ஆர்வம் இருந்தால், ஒரே ஒரு பக்கத்தை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள், எனக்குத் தெரியாவிட்டால் ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மிகுந்த நன்றியுடனும் அன்புடனும்,
கணிதம் மூன்றாம் ஆண்டு மாணவி,
பாளையங்கோட்டை