ஆளறியும் குறியிடங்களும் வம்சக் கணக்கும்: மெக்சிகோவின் தடயவியல் மரபியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாட்டு மெஸ்டிசோ மக்களின், அதாவது பூர்வகுடி, ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சங்கள் கலந்தவர்களின், மரபணுக் கலப்பைப் பற்றி வெளியாகும் ஆய்வுகளைத் தொலைவிலிருந்து படித்துவரும் தமிழ் வாசகன் நான். ஒரு வேண்டுகோளுக்காகவே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண்பதற்கென்று தெரிந்தெடுத்த எஸ்.டி.ஆர். குறியிடங்களை, அதாவது டி.என்.ஏ.வில் சிறு எழுத்துச் சரம் ஒன்று திரும்பத் திரும்ப வரும் இடங்களைக் கொண்டு, தனியொருவரின் மூதாதையர் கலப்பை விழுக்காடாக அறிக்கையில் எழுதித் தராதீர்கள். ஒரு வட்டாரத்தின் மக்களைப் பற்றிப் பேச அந்தக் குறியிடங்கள் உதவும். ஒரு மனிதரின் வம்சத்தைப் பற்றிப் பேச அவற்றுக்கு வலு போதாது.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1990களின் இறுதியில் கோடிஸ் என்ற குற்றவியல் டி.என்.ஏ. தரவுத்தளத்துக்காக 13 குறியிடங்களைத் தேர்ந்தது; 2017 முதல் அவை 20 ஆயின. எந்த மக்களிடமும் ஆளுக்கு ஆள் மாறுபாடு மிகுந்திருக்க வேண்டும் என்பதே அந்தத் தேர்வின் அளவுகோல். 11ஆம் குரோமோசோமில் உள்ள டி.எச்.01 என்ற இடத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே நான்கெழுத்துச் சரம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவரிடம் ஆறு முறை, இன்னொருவரிடம் ஏழு முறை, சிலரிடம் 9.3, அதாவது ஒன்பது முழுச் சரங்களும் ஓர் எழுத்து உதிர்ந்த இன்னொரு சரமும். இந்த 9.3 ஐரோப்பியரிடம் பரவலாகவும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் அரிதாகவும் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் ஆயிரம் பேரிடம் எண்ணினால் கலப்பின் அளவு ஓரளவு புலப்படும். ஆனால் ஒருவரிடம் 9.3 இருப்பதை வைத்து அவருடைய பாட்டனார் எந்தக் கரையிலிருந்து வந்தார் என்று சொல்ல முடியாது. இத்தகைய மெல்லிய தடயங்கள் பதின்மூன்றைச் சேர்த்தாலும் பிழை எல்லை அகலமாகவே நிற்கும்.

வட்டார அளவில் இதே குறியிடங்கள் எவ்வளவு பயன்படும் என்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று நன்றாகவே காட்டியது. மெக்சிகோவின் பத்து மக்கள்தொகைகளைச் சேர்ந்த 1,984 மெஸ்டிசோக்களை 13 குறியிடங்களில் ஆராய்ந்த அது, வடக்கிலிருந்து தெற்கே போகப் போகப் பூர்வகுடிப் பங்கு கூடுவதையும், அந்த ஏற்றம் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த மக்கள் நெருக்கத்தை ஏறக்குறைய ஒத்திருப்பதையும் கண்டது. அழகான முடிவு. ஆனால் மொத்த மரபணு மாறுபாட்டில் வட்டாரங்களுக்கு இடையிலான பங்கு 0.34 விழுக்காடுதான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எஞ்சிய மாறுபாடு முழுவதும் மக்கள்தொகைகளுக்கு உள்ளேயே இருக்கிறது. அதே ஆண்டில் உங்கள் தேசிய மரபணுத்தொகுதி மருத்துவ நிறுவனம் ஆறு மாநிலங்களின் 300 பேரிடம் மிக அதிகமான குறியிடங்களைப் படித்தபோது, பூர்வகுடிப் பங்கின் சராசரி சுமார் 55 விழுக்காடாகவும், ஆளுக்கு ஆள் விலகல் 15 புள்ளியளவாகவும் இருந்தன. சராசரியைத் தூக்கி ஒருவர் தலையில் வைக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒப்பிடுவதற்கு எந்த மக்களை எடுத்துக்கொள்கிறோம் என்பதும் விடையை மாற்றும். மேற்சொன்ன 1,984 பேர் ஆய்வில் பூர்வகுடிகளுக்குப் புரேபெச்சாக்களும், ஐரோப்பாவுக்கு ஸ்பெயினின் உவெல்வா மக்களும், ஆப்பிரிக்காவுக்கு ஃபாங் மக்களும் நின்றார்கள். ஆனால் உங்கள் பூர்வகுடிகளில் சில குழுக்களுக்கு இடையே ஐரோப்பியருக்கும் கிழக்காசியருக்கும் உள்ள அளவு தொலைவு இருப்பதாக 2014இல் தெரியவந்தது. புரேபெச்சாக்களை எல்லாருக்கும் பதிலாளாக நிறுத்துவது எப்படிச் சரியாகும்? மூன்றே மூலங்கள் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் நான்காவதையும் அது அந்த மூன்றுக்குள் திணித்துவிடும். மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு வந்த கப்பல்களின் வழியே தென்கிழக்காசிய வம்சம் கெரெரோ மாநிலத்தில் இன்றும் தங்கியிருக்கிறது. அந்தக் கப்பல்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் இந்தியாவில் பிறந்தவர்களும் இருந்தார்கள் என்பதால் எனக்கு இதில் சற்றுக் கூடுதல் அக்கறை உண்டு.

இதையெல்லாம் ஏட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. உங்கள் நாட்டுப் பதிவேட்டில் காணாமற்போனோர் எண்ணிக்கை 2022இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எலும்பை வைத்துக்கொண்டு உறவைக் கணக்கிடும்போது, ஒவ்வொரு வடிவமும் மக்களிடம் எத்தனை விழுக்காடு காணப்படுகிறது என்று சொல்லும் அலைவெண் அட்டவணைதான் விடையைத் தீர்மானிக்கிறது. தந்தையென்று கருதப்படுபவரிடமிருந்து வந்திருக்க வேண்டிய வடிவம் அவருடைய இரு படிகளில் ஒன்றில் மட்டும் இருந்து, அட்டவணை அதை 5 விழுக்காடு என்று காட்டினால், அந்தக் குறியிடம் உறவுக்குத் தரும் எடை 10, அதாவது உறவு இல்லை என்பதைவிட உண்டு என்பதற்குப் பத்து மடங்கு ஆதரவு. அவருடைய ஊரில் அது உண்மையில் 15 விழுக்காடு என்றால் எடை 3.3தான். பல குறியிடங்களைப் பெருக்கும்போது இந்தப் பிசகும் கூடவே பெருகும். ஆகவே 'மெக்சிகோ மெஸ்டிசோ' என்ற ஒரே அட்டவணைக்குப் பதிலாக வட்டார அட்டவணைகளைப் பயன்படுத்துங்கள். ஒரே மக்களுக்குள் உள்ள கிளைக் குழுக்களின் உறவு நெருக்கத்தைக் கணக்கில் எடுக்கும் உட்பிரிவுத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு அந்தத் திருத்தத்தின் அளவாகப் பொதுவாக 0.01, சிறிய தனித்த மக்களுக்கு 0.03 என்று பரிந்துரைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

யாரென்று தெரியாத உடலுக்கு வம்சக் குறிப்பு தேவைப்படும் வழக்குகளும் உண்டு. அப்போது அதற்கென்றே தெரிந்தெடுத்த குறியிடங்களை எடுங்கள். ஒப்பீட்டு மக்களின் பெயரையும் பிழை எல்லையையும் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மைட்டோகாண்ட்ரியா வழி பெரும்பாலும் பூர்வகுடித் தாயையும், ஒய் குரோமோசோம் பெரும்பாலும் ஐரோப்பியத் தந்தையையும் காட்டும் நாட்டில், ஒற்றை வழியை ஒருவரின் முழு வம்சமாக வாசிக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுங்கள்.

18ஆம் நூற்றாண்டில் உங்கள் ஓவியர்கள் தாய், தந்தை, குழந்தை என்று வரைந்து, கலப்புக்கு ஏற்ப 'மெஸ்டிசோ', 'காஸ்டிசோ' என்று பெயரெழுதிய காஸ்டா ஓவியங்கள் இன்னும் காட்சியில் இருக்கின்றன. எங்கள் நாட்டின் சாதி முறைக்குப் போர்ச்சுகீசியர் இட்ட பெயரும் அதே 'காஸ்டா'தான். தடயவியல் அறிக்கையின் அடியில் ஒருவர் பெயருக்கு நேரே '62 விழுக்காடு' என்று அச்சிட்டிருந்தால், அந்த ஓவியத்தின் அடியில் எழுதிய பெயர்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இப்படிக்கு,
தொலைவிலிருக்கும் ஒரு வாசகன்