கறுப்புத் தேனீயும் மஞ்சள் தேனீயும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டத்தில் தேனீப் பெட்டி வைப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். இத்தாலியத் தேனீயை விட்டு, பொந்துகளில் பல அடைகளை அடுக்காகக் கட்டும் நம் நாட்டு அடுக்குத் தேனீயையே வளர்க்க வேண்டும் என்று கட்டுரையாளர் வலியுறுத்தியிருப்பது மிகவும் சரி. ஆனால் அடுக்குத் தேனீயை எந்த ஊரிலிருந்து வாங்கினாலும் ஒன்றுதான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெங்களூரில் பலரும் செய்கிற தவறு அது, நானும் செய்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ராஜாஜிநகரில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடகிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன். விற்றவர் அவற்றின் பூர்வீகம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதே சமயம் கீழ்த்தளத்தில் பழைய மீட்டர் பெட்டிக்குள் ஒரு கூட்டம் தானாகவே குடியேறி ஏழு அடைகள் கட்டியிருந்தது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தபோதுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. மீட்டர் பெட்டித் தேனீயின் வயிற்றில் மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று இருந்தன. மாடியில் இருந்தவை ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. நாற்பது நாளில் மாடிக் கூட்டம் அடைகளை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோனது. மீட்டர் பெட்டிக் கூட்டம் இன்றும் இருக்கிறது.

மலைப்பகுதிக் கறுப்புத் தேனீ, சமவெளி மஞ்சள் தேனீ என்ற பாகுபாட்டைத் தேன் எடுப்பவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். உயிரணுவின் ஆற்றல் உறுப்புகளில் உள்ள மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. என்ற மரபுப்பொருள் தாய்வழி மட்டுமே வருவதால் ஒரு கூட்டம் முழுவதும் ராணியின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வையே சுமக்கிறது, ஆகவே ஒரு வேலைக்காரத் தேனீயின் காலை எடுத்து ஆராய்ந்தாலே அக்கூட்டத்தின் தாய்வழி தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெஞ்சமின் ஓல்ட்ராய்ட், நம் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். ரெட்டி முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவின் இவ்விரு நிறத்தாரும் தம்முள் கலப்பதில்லை என்பதற்கான சான்றுகளை முன்வைத்தது. 2022இல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் கறுப்புத் தேனீயை 'ஏபிஸ் கரிஞ்ஞோடியன்' என்ற தனி இனமாகவே விவரித்தனர். இவற்றைத் தனி இனங்களாகக் கொள்வதா, வகைகளாகக் கொள்வதா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வளர்ப்பவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு அவ்வளவு முக்கியமில்லை.

ஏனெனில் இரண்டு வழியிலும் இழப்புதான். ராணித் தேனீ வாழ்நாளின் தொடக்கத்தில் வானில் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் கூடி, அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் முட்டையிடுகிறது. இரு வகையும் கலப்பதில்லை என்றால், நகரத்துக்கு வந்த மலைக் கூட்டத்தின் புதிய ராணிக்குத் தன் வகை ஆண்கள் கிடைப்பது அரிது. கலக்கும் என்றால், இந்த மண்ணின் வெயிலுக்கும் பூப்பருவத்துக்கும் பல தலைமுறைகளாகப் பழகிவந்த மரபு சிறிது சிறிதாகக் கரைந்துபோகும்.

மரபணு வகை குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் புழு அடையிலேயே பார்க்கலாம். தேனீயின் பாலினத்தை முடிவுசெய்யும் மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. கருவுற்ற முட்டையில் தாய்வழியும் தந்தைவழியும் ஒரே வடிவம் வந்து சேர்ந்தால் பெண்ணுக்குப் பதில் பயனற்ற ஆண் புழு உருவாகும். அது முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும். நெருங்கிய உறவுள்ள சில கூட்டங்களை மட்டும் வைத்துப் பெருக்குபவர்களின் அடைகளில் இடையிடையே காலி அறைகள் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மார்த்தாண்டத்தில் என் பெரியப்பா தேனீ வளர்த்தவர். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவைத் தாக்கி அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தபோது, தலையைத் தூக்கிக்கொண்டு நீர் நிரம்பிய பைபோல் கிடந்த புழுக்களை அவர் ஊசியால் எடுத்துக் காட்டியது நினைவிருக்கிறது. பின்னர் தேனீ வளர்ப்பு மீண்டெழுந்தது, தாக்குப்பிடித்துத் தப்பிய கூட்டங்களைத் தேடிப் பெருக்கியதால்தான். எல்லாக் கூட்டங்களும் ஒரே மரபாக இருந்திருந்தால் தப்புவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த நோயும் பெட்டிகளோடுதான் ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே.

ஆகவே அடுத்த இதழிலேயே ஒரு சிறு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். பெட்டி வாங்குவோர் அக்கூட்டம் எந்த ஊரில், எந்த உயரத்தில் பிடிக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். இயன்றவரை பெங்களூரிலேயே பொந்திலும் சுவரிலும் இருந்து மீட்ட மஞ்சள் கூட்டத்தையே பெற வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மீட்டர் பெட்டியிலும் தண்ணீர்த் தொட்டி மூடியின் கீழும் இருக்கும் கூட்டங்களை மருந்தடித்துக் கொல்ல ஆள் அழைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களும் தங்கள் இதழைப் படிப்பவர்கள்தாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராஜாஜிநகர், பெங்களூரு.