சித்திரைக்குக் காத்திராதே

பாளையங்கோட்டை
16.2.2025

அன்புள்ள கோமதிக்கு,

இங்கு அனைவரும் நலம். இவருக்கும் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது. பொங்கல் வாழ்த்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று நீ மைதிலியிடம் பத்து நிமிடம் புலம்பியதாகக் கேள்விப்பட்டேன். அதை நேரில் வரும்போது தீர்த்துக்கொள்ளலாம். அவளே இன்னொன்றும் சொன்னாள். என்னைப் போல நீயும் மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறாய் என்றும், சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து எடுப்பதாக இருக்கிறாய் என்றும் சொன்னதைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. சித்திரைக்குக் காத்திராதே. மத்திய அரசின் மானியம் ஏப்ரல் 1 முதல் பாதியாகக் குறைகிறது.

கணக்கு எளியதுதான். சென்ற அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 5,000 ரூபாய் மானியம் உண்டு; ஆனால் ஒரு வண்டிக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. மூன்று கிலோவாட் மணி பேட்டரி என்றால் 15,000 வரும் என்று மனத்தில் பெருக்கிப் பார்த்து மகிழாதே. நானும் மகிழ்ந்தேன், கடைக்காரர் சிரித்தார். ஏப்ரலிலிருந்து கிலோவாட் மணிக்கு 2,500 ரூபாய், உச்சவரம்பு 5,000 ரூபாய். 2022இல் என் தம்பி மகன் வாங்கியபோது இதே அளவு பேட்டரிக்கு 45,000 ரூபாய் வரை கழித்தார்கள் என்பதை அவன் ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைவூட்டுகிறான். அப்போது நடந்தது, மின் வண்டிகளுக்கான முந்தைய மத்திய மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டம். கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய், வண்டி விலையில் 40 விழுக்காடு வரை. 2023 ஜூனில் அதை 10,000 ரூபாயாகவும் 15 விழுக்காடாகவும் குறைத்தார்கள், 2024 ஏப்ரலில் வந்த இடைக்காலத் திட்டத்தில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். ஆண்டுதோறும் பணம் தேய, அதைப் பெறுவதற்கான தாள் மட்டும் வளர்ந்துகொண்டே வருகிறது.

தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டாவில் ஒரு சுழி விடுபட்டிருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பிய உனக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு நிறைவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். உன் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்பதை இனி நீயும் அறிவாய்.

மானியம் நம் கைக்கு வருவதில்லை. வண்டி வாங்கும்போதே விலையில் கழித்துவிட வேண்டும். தயாரிப்பாளர் பிறகு கனரகத் தொழில்கள் அமைச்சகத்திடம் அதைக் கேட்டுப் பெறுவார். அப்படிப் பெறுவதற்கு, வாங்கியவர் உண்மையான ஆள்தான் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றாக நிற்பது நாம்தான். ஆதார் சரிபார்ப்பு முடிந்ததும் மானியத்துக்கான இ-வவுச்சர், அதாவது மின் சீட்டு, ஒன்று உருவாகிறது. அதைத் தரவிறக்குவதற்கான இணைப்பு நம் செல்பேசிக்கு வருகிறது. அதில் நாம் கையெழுத்திட்டு டீலரிடம் கொடுக்க, அவரும் கையெழுத்திட்டு வலைத்தளத்தில் ஏற்றுகிறார்; இருவர் கையெழுத்தும் கொண்ட வவுச்சர் குறுஞ்செய்தியாகத் திரும்பி வருகிறது. இதற்கிடையில் முகத்தைக் காட்ட வேண்டும். டீலரின் செல்பேசியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். நான் கண்ணாடி போட்டிருந்தேன், கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் எதைப் பார்த்துச் சிமிட்டுவதென்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் அதிகம் என்றார்கள், உள்ளே போனால் குறைவு என்றார்கள். இவர் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை இத்தனை முறை நிமிர்ந்து பார்க்கச் சொல்லவில்லை.

இதில் சிரிப்பு வராத பகுதி பெயர். ஆதாரில் எனக்கு இவருடைய தலைப்பெழுத்து. ஓட்டுநர் உரிமத்தில் அப்பாவின் தலைப்பெழுத்து. நம் தலைமுறைப் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒருவர்தானா என்று இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம் மிகுந்த மரியாதையுடன் கேட்டான். ஆர்.சி.யில் எந்தப் பெயர் வருகிறதோ அதுவே ஆதாரிலும் இருக்க வேண்டும் என்பதால், கடைசியில் வண்டியை ஆதார்ப் பெயரிலேயே பதிவு செய்தோம். உனக்கு ஆதாரில் பெயரையே திருத்தலாம் என்று தோன்றினால் அவசரப்படாதே. வாழ்நாளில் இரண்டு முறைதான் அதற்கு அனுமதி. செல்பேசி எண்ணை மாற்றுவது எளிது, ஐம்பது ரூபாய்தான் கட்டணம், ஆனால் மையத்துக்கு நேரில் போக வேண்டும். உன் ஆதாரில் இருப்பது உன் எண்ணா, அல்லது பெங்களூரில் இருக்கும் உன் மகனின் எண்ணா என்பதை இன்றே பார். அவன் மீட்டிங்கில் இருக்கும்போது ஓ.டி.பி. அங்கே போய்ச் சேர்ந்தால், இங்கே கடையில் நீ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று: மானியத்தில் ஒரு ஆதாருக்கு ஒரு வண்டிதான். உன் மருமகள் தனக்கும் ஒன்றை உன் பெயரில் எடுக்கலாம் என்று யோசிப்பதாக மைதிலி சொன்னாள். பாசத்தில் உருகிவிடாமல் அவளுடைய ஆதாரையே எடுத்துவரச் சொல்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பணம் கட்டும் இடத்தில். ‘முழு விலையையும் கட்டிவிடுங்கள் அம்மா, வவுச்சர் சரியாக ஏறிய பிறகு பத்தாயிரத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்றார்கள். கடையின் பெயர் வேண்டாம். முன்கூட்டியே கழிப்பதுதான் திட்டம், அதை என்னிடமிருந்து முன்பணமாக வாங்குவதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது என்று கேட்டேன். மேலாளர் வந்தார், வலைத்தளம் மெதுவாக இருப்பதாகச் சொன்னார், தங்கள் பணம் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் கவலை பொய்யல்ல என்று தோன்றியது; ஆனால் அதை நான் ஏன் சுமக்க வேண்டும்? இன்வாய்ஸில் மானியக் கழிவு தனி வரியாக அச்சாகி வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. நீயும் அந்த வரியைப் பார்க்காமல் காசோலையில் கையெழுத்திடாதே.

இத்தனை கெடுபிடி ஏன் என்றும் யோசித்தேன். முந்தைய திட்டத்தில் சில தயாரிப்பாளர்கள் உள்நாட்டு உதிரிப்பாகங்களைப் பயன்படுத்துவதாகச் சொல்லிவிட்டு இறக்குமதிப் பாகங்களைப் பொருத்தி மானியம் வாங்கியதாகக் கண்டறிந்து, அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. வேறு சிலர் ஒன்றரை லட்ச ரூபாய் விலை வரம்புக்குள் வண்டியைக் காட்டுவதற்காகச் சார்ஜருக்குத் தனியே பணம் வாங்கி, 2023இல் அதை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஏமாற்றியவர்கள் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள். கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டியவர்கள் நாம்.

இதைவிட வேடிக்கை மாநில அரசின் சலுகை. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பெட்ரோல் வண்டிக்கு நம் மாநிலத்தில் 12 விழுக்காடு வாழ்நாள் வரி. மின் வண்டிக்கு இந்த ஆண்டு டிசம்பர் 31 வரை வரியே இல்லை. 1,20,000 ரூபாய் வண்டி என்றால் 14,400 ரூபாய் மிச்சம். மத்திய மானியத்தைவிடப் பெரிய தொகை. இதற்கு நான் ஒரு தாளும் நீட்டவில்லை, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவின்போது வரிக் கட்டத்தில் சுழி விழுந்தது, பச்சை நம்பர் பிளேட்டை மாட்டினார்கள், ஆர்.சி. விரைவுத் தபாலில் வீடு வந்தது. தர வேண்டும் என்று நினைத்தால் இப்படியும் தரலாம் என்பதை உன் பழைய அலுவலகத்தில் யாராவது கேட்டால் சொல்.

இனி நான் எழுதுவது வேறு. நமக்கு மாவு கொண்டுவரும் பேச்சியை நினைவிருக்கிறதல்லவா? அவளும் சென்ற ஆண்டு மின் வண்டி வாங்கினாள். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொல்லி, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, ஈய அமில பேட்டரி வண்டி ஒன்றை விற்றிருக்கிறார்கள். பதிவு இல்லாத வண்டிக்கு மானியம் இல்லை. ஈய அமில பேட்டரிக்கும் இல்லை. ஆக, ஓய்வூதியம் வாங்கும் எனக்கு அரசு பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மாவு ஆட்டுகிறவள் முழு விலையையும் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறாள். என் வண்டியைப் பார்த்து ‘எவ்வளவுக்கா?’ என்று அவள் கேட்டபோது, விலையைச் சொன்னேனே தவிர கழிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி எழுதியவர்கள் தரமான பேட்டரியை ஊக்குவிக்கவே அப்படி எழுதியிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமம் எடுக்கவும் ஆதாரைத் திருத்தவும் ஒரு நாள் கூலியை விட முடியாதவர்களை அந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இப்போது அவளுடைய தங்கையும் வண்டி வாங்க வேண்டும் என்கிறாள். அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது; ஆதாரில் இருப்பதோ இறந்துபோன கணவரின் எண். அந்த சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. பெயரிலும் ஓர் எழுத்து முன்பின்னாக இருக்கிறது. எந்தத் தாளை எங்கே முதலில் திருத்தினால் மற்றவை தாமாகச் சரியாகும் என்பது எனக்குப் புரியவில்லை. உனக்கு அது கைவந்த கலை. ஆகையால் உன் வண்டிக்கு மாசிக்குள்ளேயே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரம் இங்கே வா. உன் ஆதார், உரிமம், பான் மூன்றையும் எடுத்து வா. அவளுடையதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மார்ச் கடைசி வாரம் வேண்டாம். அப்போது ஊரே கடையில் நிற்கும், வலைத்தளமும் படுத்துவிடும்.

உன் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்பதை மட்டும் உடனே தெரிவி. மைதிலி வழியாக வேண்டாம்.

அன்புடன்,
சுந்தரி