பாட்டு பீரியட விட்டு வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆரம்பப் பள்ளில மியூசிக் வாத்தியாரா சேர்ந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, கச்சேரி பண்ணத் தெரிஞ்சா கிளாஸும் எடுத்துரலாம்னு நெனச்சது எவ்ளோ பெரிய தப்புன்னு முதல் வாரமே புரிஞ்சிருச்சு. நான் பாட்டுக்கு என் ஆம்பளக் குரல்ல கீழ் சுருதில பாட, பசங்க எட்டாம கரகரன்னு இழுத்தாங்க, சின்னப் பசங்க குரல் நமக்கு ஒரு ஸ்தாயி (அதாவது ஸ-ல இருந்து மேல் ஸ வரைக்கும் உள்ள தூரம்) மேலங்கறதே எனக்கு ஒறைக்கல. சுருதிய ஏத்தினதும் பாதி கிளாஸ் தானா சேர்ந்துகிச்சு. ஹங்கேரி இசைக் கல்வியாளர் ஸோல்தான் கோடாய் (1882-1967) வழில ஸ்வரத்த கை சைகைல காட்டுவாங்களே, அதுவும் நல்லா உதவுது, ஆனா சைகைய உருவாக்கினது அவருக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்த ஜான் கர்வென். டிரம்ம கையில குடுத்துட்டு அப்புறம் விளக்கம் சொன்னா மட்டும் ஒருத்தர் காதுலயும் விழாது, அனுபவம்!

வருத்தம் என்னன்னா கணக்குப் பாடம் முடியலன்னா மொதல்ல பறிபோறது பாட்டு பீரியட்தான், வாரத்துக்கு கெடைக்கிறதே ஒண்ணோ ரெண்டோ, அதுவும் போனா பசங்க பாடினத மறந்துட்டு வந்து நிக்குறாங்க, தலைமை ஆசிரியர்கள் இத கொஞ்சம் பாக்கணும்.

இப்படிக்கு,
ஒரு புது பாட்டு வாத்தியார்