மல்லிகாவுக்கு, அந்த அரிப்பைப் பற்றி

பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். ராணியின் மகளுக்கு பட்டர்வொர்த்தில் வேலை கிடைத்துவிட்டது. மற்றச் செய்தி பிறகு.

பள்ளியில் யாருடைய ரகசியத்தையும் ஒரு நாள் தாங்கமாட்டாய். சொந்த உடம்புச் சங்கதியை மட்டும் இத்தனை மாதம் பொத்தி வைத்திருக்கிறாயே!

மார்புக்குக் கீழே மடிப்பில், இரண்டு பக்கமும் சிவந்து எரிகிறது, ஓரத்தில் சின்னப் பருக்கள் சிதறிக் கிடக்கின்றன என்கிறாய். வேர்வையில் ஊறி உரசிய தோலில் பூஞ்சை பிடித்தால் அப்படித்தான் இருக்கும். கோடாலித் தைலத்தை முதலில் நிறுத்து. அரிப்பு மரத்துப்போகும், தோல் இன்னும் புண்ணாகும். பவுடரும் வேண்டாம், வேர்வையில் கட்டிதட்டி உரசும். நீ தடவிவரும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பி வரும். மடிப்புத் தோல் மருந்தை அதிகம் உறிஞ்சுவதால் மெலிந்து வரிவரியாகிவிடும்.

குளித்ததும் துண்டால் ஒற்றியெடு, தேய்க்காதே. மார்பைத் தூக்கிப் பிடித்து, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, மடிப்பு நன்றாகக் காயும்வரை காட்டு. பிறகு பூஞ்சையைக் கொல்லும் 1% குளோட்ரிமசோல் க்ரீமைக் காலையும் இரவும் மெல்லிசாகத் தடவு. அப்பிவிட்டால் அந்த ஈரமே கெடுக்கும். குறைந்தது இரண்டு வாரம் போடு. சிவப்பு போன மறுநாளே விட்டுவிடாதே. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடிப்பில் வை, நனைந்ததும் மாற்று. உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும், சோப்பு போக இரண்டு முறை அலசு, வாசனைத் திரவம் சேர்க்காதே. திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கவேண்டும்.

ஆனால் மல்லி, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: இடது காம்பு மட்டும் செதில்செதிலாக உரிகிறது, க்ரீம் போட்டால் கொஞ்சம் அடங்கித் திரும்ப வருகிறது என்று. கடிதத்தில் முதல் வரியாக வந்திருக்கவேண்டியது அதுதான். சாதாரண எக்சிமா, அதாவது தோல் அழற்சி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும், காம்பை அவ்வளவாகத் தொடாது. ஒரு பக்கக் காம்பிலேயே தொடங்கி வெளியே பரவினால் பேஜட் நோயா என்று பார்த்தே ஆகவேண்டும். 1874இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் எழுதிவைத்தது. மேலே வெறும் தோல் அரிப்பு போலத் தெரியும். பெரும்பாலும் உள்ளே மார்பகப் புற்றுநோய் இருக்கும். ஸ்டீராய்டுக்கு அதுவும் சில சமயம் அடங்கும், அதனால்தான் பல பேர் ஏமாந்துபோகிறார்கள்.

உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. எக்சிமாவாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இந்த வாரமே பக்கத்து அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு, அந்தக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ, கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பெண் டாக்டர் வேண்டும் என்று கேள். எத்தனை நாளாக, எந்தப் பக்கம், என்ன தடவினாய், இரத்தமோ நீரோ கசிந்ததா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, எல்லாம் சொல். க்ரீம் டியூபையும் எடுத்துப் போ. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் அதோடு நிறுத்தாதே. மரக்க ஊசி போட்டுக் காம்புத் தோலில் துளி எடுத்துப் பயாப்சி செய்யச் சொல்லிக் கேள். மார்பு திடீரென வீங்கிச் சிவந்து, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியானால் வாரக்கணக்கு பார்க்காதே, அன்றைக்கே ஓடு.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், இரவு பஸ் ஏறி வந்துவிடுகிறேன். என்றைக்குப் போகிறாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
சரசு